கலாபகோஸ் எரிமலைத் தீவுகளைச் சிறு கப்பலில் சுற்றிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எக்வடோர் நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள் இருக்கின்றன கலாபகோஸ் தீவுகள். நான் இரண்டு முறை சிறு கப்பலில் போய் வந்தேன், ஒரு முறை மே மாதம், அடுத்த முறை செப்டம்பர். இரண்டு முறையும் கூட வந்தவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்ததும், அதன்பின் நண்பர்கள், உறவினர்கள் சிலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்ததும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

தடுமாற்றங்களில் முக்கால்வாசி வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யும்போதே நடந்துவிடுகின்றன. எல்லோரும் முதலில் கப்பலைத்தான் பார்க்கிறார்கள். படம் அழகாக இருக்கிறது, விலை ஒத்து வருகிறது, பணம் கட்டிவிடுகிறார்கள். எந்தத் தீவுக்கெல்லாம் போகிறது என்று அப்புறம்தான் கவனிக்கிறார்கள். உயிரினம், மாதம், பாதை, நாள், கப்பல் என்ற வரிசையில் முடிவெடுங்கள். இதை மாற்றாதீர்கள்.

1. எந்த உயிரினம், எந்த மாதம்

கடல் சிங்கம், உடும்பு போன்ற கடல் இகுவானா, நீலக்கால் பூபி என்ற கடற்பறவை, ராட்சத ஆமை, பென்குயின் ஆகியவை ஆண்டு முழுக்க இருக்கும். மாதத்தைப் பார்த்துப் போகவேண்டிய முக்கியமான பறவை அலைவரி அல்பட்ராஸ். இது எஸ்பனோலா தீவில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான் இருக்கும். மற்ற மாதங்களில் கடலுக்குப் போய்விடும். பிப்ரவரியில் போய் அல்பட்ராஸைத் தேடிப் பயனில்லை.

ஜனவரி முதல் மே வரை வெப்பக் காலம். கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் 23 முதல் 27 டிகிரி வரை இருக்கும், அவ்வப்போது மழை பெய்யும். ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டு வரும். வானம் மூடியிருக்கும், காருவா என்று அங்கே சொல்லும் மெல்லிய தூறல் விழும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கடல் நன்றாகவே ஆட்டும். ஆனால் குளிர்ந்த நீரில் மீன் பெருகும் என்பதால் கடலை நம்பி வாழும் பறவைகளும் பென்குயின்களும் அப்போது சுறுசுறுப்பாக இருக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மே மாதம். அல்பட்ராஸ் வந்திருக்கும், கடல் இன்னும் கொந்தளிக்கத் தொடங்கியிருக்காது, தண்ணீரும் உறைய வைக்காது. குமட்டல் எளிதில் வருகிற உடம்பு என்றால் செப்டம்பரைத் தவிர்த்துவிடுங்கள்.

2. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் இந்தப் பயணத்தின் மையம், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தீவுகள் பூமிக்கடியில் ஒரே இடத்தில் நிற்கும் சூடான ஊற்றுக்கு மேல் பிறந்தவை. மேலே இருக்கும் நாஸ்கா தட்டு என்ற பூமி மேலோட்டின் துண்டு கிழக்கு நோக்கி நகர்வதால், பிறந்த தீவுகளும் கிழக்கே நகர்ந்துபோகின்றன. ஆகவே மேற்கே இருப்பவை இளையவை, கிழக்கே இருப்பவை மூத்தவை. மேற்கு ஓரத்தில் இருக்கும் ஃபெர்னாண்டினா 2024 மார்ச்சில்கூட வெடித்தது. தென்கிழக்கில் இருக்கும் எஸ்பனோலா தேய்ந்து தட்டையாகிவிட்டது. ஒரு தீவில் இருக்கும் விலங்கு அடுத்ததில் இருக்காது. ‘கலாபகோஸ் போகிறோம், எல்லாம் பார்த்துவிடலாம்’ என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

பாதைகளைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்.

மேற்குப் பாதை: ஃபெர்னாண்டினாவும் இசபெலாவின் மேற்குக் கரையும். பறக்க முடியாத நீர்க்காகம் உலகிலேயே இங்கு மட்டும்தான் உண்டு. கூட்டம் கூட்டமாகக் கடல் இகுவானா, பென்குயின், புத்தம் புது எரிமலைக் குழம்புப் பாறை எல்லாம் இந்தப் பக்கம்.

தென்கிழக்குப் பாதை: எஸ்பனோலா, ஃப்ளோரியானா, சான் கிறிஸ்டோபல். அல்பட்ராஸ் வேண்டுமென்றால் இதுதான்.

வடகிழக்கில் ஹெனோவேசா: கடல் புகுந்த எரிமலை வாய்க்குள்ளேயே கப்பல் நங்கூரமிடும். மரத்தில் கூடு கட்டும் செங்கால் பூபிகள் இங்கே ஏராளம். பட்டப்பகலில் வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தையையும் பார்க்கலாம். ஆனால் இரவு நேரத்தில் நீண்ட திறந்த கடலைக் கடந்துதான் போகவேண்டும்.

நடுத் தீவுகளான பார்த்தலோமே, சந்தியாகோ, வடக்கு செய்மூர், சாந்தா குரூஸ் ஆகியவை ஏறக்குறைய எல்லாப் பாதையிலும் ஒன்றிரண்டு வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏன் தருவதில்லை? ஒவ்வொரு கப்பலும் எந்த நாளில் எந்த இடத்துக்குப் போகலாம் என்று தேசியப் பூங்காதான் தீர்மானிக்கிறது. 14 நாளுக்குள் ஒரு கப்பல் அதே இடத்துக்குத் திரும்ப முடியாது. அதனால் ஒரே கப்பல் இந்த வாரம் ஒரு பாதை, அடுத்த வாரம் வேறு பாதை என்று ஓடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என் இரண்டாவது பயணத்தில் ஒரு தம்பதி மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் வழிகாட்டியிடம், ‘அல்பட்ராஸ் நாளைக்கா?’ என்று கேட்டார்கள். அவர்களுடைய நண்பர் இதே கப்பலில் போய்ப் பார்த்திருக்கிறார். கப்பல் பெயரைப் பார்த்தவர்கள் வாரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்தது மேற்குப் பாதை. அந்த அம்மாவின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

பயணத் திட்டத்தைப் படிக்கும்போது தீவின் பெயரோடு நிறுத்தாமல் இறங்கும் இடத்தின் பெயரைத் தேடுங்கள். ‘இசபெலா’ என்று போட்டிருந்தால் அது தெற்கே இருக்கும் வியாமில் ஊராகவும் இருக்கலாம், மேற்குக் கரையின் தாகுஸ் கோவ், உர்பினா விரிகுடாவாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு உலகம். ஃபெர்னாண்டினா என்றால் புண்டா எஸ்பினோசா என்ற பெயர் இருக்கவேண்டும். எஸ்பனோலா என்றால் புண்டா சுவாரெஸ். ஹெனோவேசா என்றால் டார்வின் விரிகுடா, பிரின்ஸ் பிலிப்ஸ் ஸ்டெப்ஸ். பெயர் இல்லாவிட்டால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சுத்தியல் தலைச் சுறாக்கூட்டத்தின் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் படங்கள் பெரும்பாலும் வடகோடியிலுள்ள டார்வின், வுல்ஃப் தீவுகளில் எடுத்தவை. அங்கே காற்றுக்குடுவையோடு ஆழத்தில் மூழ்குவோருக்கான ஸ்கூபா கப்பல்கள் மட்டுமே போகும், கரையில் இறங்க முடியாது. சாதாரணக் கப்பலில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

3. நாளை எண்ணுவது

விளம்பரத்தில் ‘4 நாள்’ என்றால் முழு நாள் இரண்டுதான். முதல் நாள் விமானம் இறங்கி நண்பகலுக்குத்தான் கப்பல் ஏறுவீர்கள், கடைசி நாள் காலையில் ஒரு சிறு சுற்றோடு விமான நிலையம். 5 நாள் என்றால் மூன்று, 8 நாள் என்றால் ஆறு முழு நாள்.

இந்தியாவிலிருந்து அவ்வளவு தூரம் போகிறவர்கள் 8 நாளுக்குக் குறைவாக எடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. மேற்குக் கரையோ ஹெனோவேசாவோ 4 நாள் பாதையில் வருவது அரிது. பணம் போதாது என்றால் நாளைக் குறைக்காமல் கப்பலின் வசதியில் ஒரு படி இறங்குங்கள். கரையில் எல்லாருக்கும் அதே பாறை, அதே பறவைதான்.

4. கப்பலும் கேபினும்

கலாபகோஸில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு அனுமதியில்லை. சிறு கப்பல் என்றால் பெரும்பாலும் 16 பேர். ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்வரைதான் என்பது பூங்காவின் விதி என்பதால் அந்த எண்ணிக்கை. 16 பேர் ரப்பர் படகில் இறங்கச் சில நிமிடம் போதும், கரையில் நேரம் அதிகம் கிடைக்கும். ஆனால் இந்த அளவுக் கப்பல்களில் பொதுவாக மருத்துவர் இருக்க மாட்டார். இதய நோய் போன்ற சிக்கல் இருப்பவர்கள் மருத்துவர் உள்ள பெரிய கப்பலை யோசியுங்கள்.

கட்டமரான் வகை இரட்டை உடலுள்ளது, பக்கவாட்டில் குறைவாக உருளும். ஒற்றை உடல் கப்பல் கூடுதலாக உருளும். கேபினைப் பொறுத்தவரை கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் எடுங்கள். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது அல்லவா, அதே காரணம்தான். மேல்தள கேபினில் காட்சி நன்றாக இருக்கும், இரவில் ஆட்டமும் அதிகமாக இருக்கும். பகலில் கேபினில் யாரும் இருக்கப்போவதில்லை, ஆகவே காட்சிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். கீழே இயந்திரச் சத்தம் கேட்கும். காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் தட்டில் வரும், சூப்பில் கோழிச் சாறு இருக்கும். இறைச்சி, கோழி, மீன், அவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்து எழுதி முன்பே அனுப்புங்கள். கப்பலில் ஏறியதும் சமையல்காரரிடம் நேரில் ஒருமுறை சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ.’ சோறும் பருப்பு வகையும் தாராளமாகக் கிடைக்கும்.

5. ஆவணம், ஊசி, பணம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2019 ஆகஸ்டு முதல் எக்வடோர் விசா தேவை. விதிவிலக்குகள் அவ்வப்போது மாறுவதால் பணம் கட்டும் முன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று எடுத்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றிப் பலருக்குத் தெரியாது. எக்வடோரிலிருந்து திரும்பும்போது இந்தியா அந்தச் சான்றிதழைக் கேட்கும். இல்லாவிட்டால் 6 நாள்வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். வயதானவர்களும் வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள், எல்லா உடம்புக்கும் இந்த ஊசி ஆகாது.

எக்வடோரில் அமெரிக்க டாலர்தான் நாணயம். பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டு முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 200 டாலர், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 100. தீவுக்குள் போக வாங்கும் பயணக் கட்டுப்பாட்டு அட்டைக்கு 20 டாலர். இவற்றைப் பணத்தாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற செலவுக்கு 5, 10, 20 டாலர் தாள்களாக மாற்றுங்கள், 100 டாலர் தாளைக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். கடைசி நாள் ஊழியர்களுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் அன்பளிப்புத் தொகையைத் தனி உறையில் ஒதுக்கிவிடுங்கள். கப்பலில் ஏடிஎம் கிடையாது.

6. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்

கப்பல் ஏறும் நாளன்று எக்வடோரில் வந்து இறங்குவதுபோல் டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். குறைந்தது முந்தைய நாள் அந்த நாட்டின் கீட்டோ நகரிலோ குவாயாகில் நகரிலோ இருங்கள். ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதே நாளில் வந்த இருவர் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார்கள். கப்பல் அன்றிரவே அடுத்த தீவுக்குப் போய்விட்டது. அவர்கள் சாந்தா குரூஸ் தீவில் இரண்டு நாள் காத்திருந்து, அந்தப் பக்கம் கப்பல் திரும்பியபோதுதான் ஏறினார்கள்.

கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கடல் மட்டத்தில் இருக்கும் குவாயாகிலில் தங்குங்கள்.

தீவுக்குப் போகும் உள்நாட்டு விமானத்தைக் கப்பல் நிறுவனத்தின் மூலமே எடுங்கள். அந்த விமானம் தாமதமானால் என்ன செய்வது என்பது அவர்கள் பொறுப்பு. பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என இரண்டு விமான நிலையங்கள் உண்டு. ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறாக இருக்கலாம், டிக்கெட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

7. உடம்பைத் தயார் செய்வது

நீச்சல் தெரியாவிட்டாலும் இந்தப் பயணம் போகலாம். லைஃப் ஜாக்கெட் தருவார்கள், ரப்பர் படகில் இருந்தபடியே நிறையப் பார்க்கலாம். ஆனால் இரண்டு மாதம் முன்பு நீச்சல் குளத்தில் பழகத் தொடங்கினால் பயணத்தின் மறுபாதி திறக்கும். நீச்சலைவிட முக்கியம், முகமூடி போட்டு ஸ்நார்க்கல் குழாய் வழியாக வாயால் மூச்சுவிடப் பழகுவது. முதல் தடவை கடலில் இறங்கும்போது மூக்கு அடைபட்டதும் பதறிப்போய் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். காலுக்குக் கீழே தரை இருக்காது. இந்தப் பதற்றத்தை இடுப்பளவு தண்ணீரிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு முகமூடிக்குள் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ரப்பர் விளிம்பு முடிமேல் உட்காருவதுதான் காரணம். கொஞ்சம் வாஸ்லின் தடவினால் நிற்கும். மூக்கடியில் ஒரு கோடு மட்டும் மழித்துவிட்டால் இன்னும் நல்லது.

கடல் குமட்டலுக்கு மாத்திரை எது என்று உங்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் குமட்டல் வந்தபின் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கப்பல் இரவில்தான் ஓடும், எனவே இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிடவேண்டும். நங்கூரம் எடுத்தபின் கேபினில் குனிந்து பெட்டியைக் கிளறாதீர்கள், கைபேசியும் பார்க்காதீர்கள். படுத்துவிடுங்கள். பாக்கெட்டில் அடைத்த இஞ்சி மரப்பா எனக்கு நன்றாகக் கைகொடுத்தது.

8. பையில் என்ன

குறைவாக எடுங்கள், கேபினில் இடமில்லை. சக்கரப் பெட்டியைவிட மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய துணிப்பை நல்லது.

இரண்டு ஜோடிக் காலணி வேண்டும். ஒன்று அடி தடித்த, நல்ல பிடிப்புள்ள மூடிய ஷூ, எரிமலைப் பாறைக்கு. இன்னொன்று நனையக்கூடிய, பின்பட்டை உள்ள செருப்பு. ரப்பர் ஸ்லிப்பர் ஈரப்பாறையில் வழுக்கும், அலையில் அடித்துக்கொண்டு போகும்.

நிலநடுக்கோட்டு வெயில் மேகத்தின் வழியாகவும் சுடும். முழுக்கை மெல்லிய சட்டை, தாடையில் கட்டும் கயிறுள்ள தொப்பி, பவளத்துக்குத் தீங்கு செய்யாத சன்ஸ்கிரீன் எடுங்கள். குளிர் தாங்க நீருக்குள் போடும் வெட்சூட் என்ற ரப்பர் உடை கப்பலில் வாடகைக்குக் கிடைக்கும். மேற்குப் பாதைக்கு 5 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். ஆழத்திலிருந்து மேலேறும் குரோம்வெல் நீரோட்டத்தால் அங்கே தண்ணீர் எப்போதும் குளிர்ச்சி.

8 மடங்கு பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. நீர் புகாத பை ஒன்று. மின்பிளக் அமெரிக்க வகை, தட்டையான இரண்டு முனை, 120 வோல்ட், எனவே அடாப்டர் தேவை. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், பூங்காவில் தடை.

9. விமான நிலையச் சோதனை

தீவுக்கான விமானம் ஏறும் முன் உங்கள் பையை உயிரிப் பாதுகாப்புத் துறையினர் சோதித்து முத்திரையிடுவார்கள். பழம், விதை, செடி, பச்சைக் காய்கறி எதுவும் கூடாது. கறிவேப்பிலை, பச்சைமிளகாய், ஊறவைக்கப் பயறு, வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிய எதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடையில் முத்திரையோடு வாங்கியதையும் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மனிதர்கள் கொண்டுவந்த கொய்யாவும் முள் பெர்ரியும் மேட்டு நிலங்களை மூடிவிட்டன. வெளியிலிருந்து வந்த ஒரு வகை ஈயின் புழுக்கள் குருவிக் கூட்டில் குஞ்சுகளின் ரத்தத்தைக் குடித்துக் கொல்கின்றன. ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணில்கூட விதை இருக்கும், ஊரிலேயே பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். கப்பலிலும் ஒவ்வொரு முறை திரும்பும்போது காலைக் கழுவச் சொல்வார்கள். ஒரு தீவின் மணல் அடுத்த தீவுக்குப் போகக்கூடாது என்பதற்காக.

10. பாங்காவில் ஏறுவதும் இறங்குவதும்

கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகை அங்கே பாங்கா என்பார்கள். அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான், எனவே முதல் நாளே சரியாகப் பழகுங்கள்.

முதலில் லைஃப் ஜாக்கெட் வாரைப் பூட்டுங்கள். கேமரா, பை எல்லாம் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும். அவர் நீட்டும் கையில் உங்கள் விரலைக் கொடுக்காமல், முன்கையை முன்கை பிடிப்பதுபோல் பிடியுங்கள். ஈரத்தில் விரல் நழுவும், முன்கை நழுவாது. அலை படகை உயர்த்தும் கணத்தில் அவர் சொல்வார். ஒரு கால் படகின் விளிம்பில், அடுத்த கால் உள்ளே, உடனே உட்காருங்கள். நின்றுகொண்டு இடம் தேடாதீர்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

இறங்குவது இரண்டு வகை. உலர் இறக்கம் என்றால் பாறையிலோ படியிலோ கால் வைப்பது. பாசி கறுப்பாக இருந்தால் வழுக்கும், வெளுத்த பாறையில் மிதியுங்கள். ஈர இறக்கம் என்றால் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே திருப்பி, அலை பின்வாங்கும்போது இறங்குங்கள். ஷூவைப் பையில் போட்டுக் கொண்டுபோய், கரையில் காலைத் துடைத்து மாட்டுங்கள். மறுநாள் எது என்று முந்தைய மாலை விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டவர்தான் காலையில் ஷூவோடு தண்ணீரில் குதிப்பார்.

11. எரிமலைப் பாறையில் நடப்பது

சந்தியாகோ தீவின் சல்லிவன் விரிகுடாவில் நூறு ஆண்டுக்குச் சற்று முன் ஓடிய குழம்பு அப்படியே கிடக்கிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிந்து, பாத்திரத்தைச் சாய்த்தால் அது சுருங்கி மடியுமே, அதே கதைதான் அங்கே நடந்திருக்கிறது. மேற்பரப்பு ஆறித் தோலாகியது, அடியில் குழம்பு ஓடிக்கொண்டே இருந்தது, தோல் சுருங்கித் தேர்வடம்போல் முறுக்கிக்கொண்டது. குனிந்து பாருங்கள், கருமையில் நீலப் பளபளப்பும் தெரியும். விரிசலில் ஒரு சாண் உயரக் கள்ளிச்செடி நிற்கும். வெறும் பாறையில் முதலில் குடியேறும் செடிகளில் அதுவும் ஒன்று.

வடம்போல் முறுக்கிய இந்தப் பாறையில் நடப்பது எளிது. ஆஆ என்ற இன்னொரு வகை கத்தி கத்தியாக உடைந்து கிடக்கும், விழுந்தால் கை கிழியும். இரண்டிலும் மெல்லிய மேலோடு உடையலாம், அதனால் வழிகாட்டி நடந்த தடத்திலேயே நடங்கள். கறுப்புப் பாறை வெயிலை உறிஞ்சி அடுப்புபோல் காயும். ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

பார்த்தலோமேயில் 114 மீட்டர் உச்சிக்கு மரப்படிகள் உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் கஷ்டப்படுவார்கள். கைத்தடி எடுத்துப்போங்கள். இசபெலாவின் உர்பினா விரிகுடாவில் 1954இல் கடலடி பல மீட்டர் மேலே எழும்பிவிட்டது. இன்றும் பவளப் பாறைகள் தரையில், புதருக்கு நடுவே நிற்கின்றன. அவசரமாகக் கடந்துவிடாமல் ஒன்றின் பக்கத்தில் நின்று, உங்கள் தலைக்கு மேல் ஒரு காலத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று பாருங்கள்.

12. விலங்குகளைப் பார்ப்பது

விதி எளிது. 2 மீட்டர் தள்ளி நில், தொடாதே, உணவு கொடுக்காதே, ஃபிளாஷ் போடாதே, பாதையைவிட்டு விலகாதே. ஆனால் இந்த விலங்குகளுக்கு மனிதனிடம் பயமில்லை, அவையே நெருங்கி வரும். அப்போது நீங்கள் மெதுவாகப் பின்வாங்குங்கள், அல்லது அசையாமல் நில்லுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் நடந்துகொண்டே படம் எடுக்கிறார்கள். 40 படம் எடுத்து ஒன்றையும் பார்க்காமல் போகிறார்கள். நான் பழகியது இப்படி: ஒரு விலங்கின் முன் 5 நிமிடம் கேமராவைத் தொடாமல் நிற்பது. புண்டா எஸ்பினோசாவில் அப்படி நின்றபோதுதான், நான் பாறை என்று நினைத்ததெல்லாம் இகுவானா என்று புரிந்தது. நூற்றுக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே திசையில் வெயிலைப் பார்த்துக் கிடந்தன. நம் ஊர் உடும்பைவிட மொண்ணை மூக்கு, தலைமேல் வெள்ளைப் பூச்சு. திடீரென்று ஒன்று ‘ப்ஸ்ஸ்’ என்று தும்மியது. மூக்கிலிருந்து உப்புநீர் தெறித்தது. கடற்பாசி தின்னும்போது உள்ளே போன உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி இப்படித்தான் வெளியேற்றுகிறது. அந்த வெள்ளைப் பூச்சு காய்ந்த உப்பு. அங்கே ஒவ்வோர் அடியும் கீழே பார்த்து வைக்கவேண்டும், வாலை மிதித்துவிடுவீர்கள்.

சில அடிகள் தள்ளி நீர்க்காகம் ஒன்று கிழிந்த குடைபோன்ற குட்டைச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் துணை கடலிலிருந்து ஒரு கொத்துப் பாசியைக் கவ்விவந்து கூட்டில் வைத்தது. கூட்டில் இருந்தது அதை எடுத்து ஓரமாகச் செருகிக்கொண்டது. இதைப் பார்க்க எனக்கு 10 நிமிடம் ஆனது. குழுவில் பாதிப் பேர் அதற்குள் நகர்ந்துவிட்டார்கள்.

கடல் சிங்கக் கடற்கரையில் பெரிய ஆணுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதீர்கள். அது தன் எல்லையைக் காவல் காத்து ரோந்து சுற்றுகிறது, துரத்தும். தனியாகக் கிடக்கும் குட்டி அநாதை அல்ல, தாய் மீன் பிடிக்கப் போயிருக்கிறது. தாய் தன் குட்டியை வாசனையால்தான் உறுதி செய்யும். நம் கை பட்ட வாசனை அதைக் குழப்பலாம், ஆகவே குட்டி வந்து காலை முகர்ந்தாலும் தொடாதீர்கள்.

எஸ்பனோலாவில் ஒரு சாம்பல் நிறக் குருவி உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கொத்தும். அந்தத் தீவில் நன்னீர் அரிது. மனசு கேட்காது, ஆனாலும் ஊற்றாதீர்கள். பாட்டிலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மனிதரை நம்பிப் பழகிய பறவை தன் பிழைப்பை மறக்கும்.

சாந்தா குரூஸ் மேட்டு நிலத்தில் ராட்சத ஆமையைப் பின்னாலிருந்து நெருங்காமல், அது பார்க்கும்படி பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். ‘ஸ்ஸ்’ என்று சீறினால் கோபமில்லை, தலையை உள்ளிழுக்கும்போது நுரையீரல் காற்று வெளியேறும் சத்தம். ஆனால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். சேறாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்குங்கள்.

13. தண்ணீருக்குள்

முதல் ஸ்நார்க்கல் கடற்கரையிலிருந்து நடந்து இறங்குவதாக இருக்கட்டும். படகிலிருந்து ஆழத்தில் குதிப்பதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஜோடியாக இருங்கள், பாங்கா எங்கே நிற்கிறது என்று அவ்வப்போது தலைதூக்கிப் பாருங்கள். நீரோட்டம் நீங்கள் அறியாமலே இழுத்துச் செல்லும்.

கடல் ஆமை தெரிந்தால் மேலிருந்து துரத்தாதீர்கள். அது மூச்சுவிட மேலே வரவேண்டும், நீங்கள் மேலே மறித்தால் முடியாது. பக்கத்தில் மிதந்தபடி கையைக் கட்டிக்கொள்ளுங்கள். குட்டிக் கடல் சிங்கங்கள் முகமூடிக்கு நேரே வந்து திரும்பும். கையை நீட்டாதீர்கள், உருண்டு திரும்பிக் காட்டினால் அவையும் உருளும். குளிர் ஏறி உதடு நடுங்கினால் கையை உயர்த்துங்கள், படகு வந்துவிடும். சமாளித்துவிடலாம் என்று கடைசிவரை இருந்தவர்கள் மாலை நடைக்கு வர முடியாமல் படுத்துக் கிடந்தார்கள்.

14. கடைசி இரவும் கடைசிக் காலையும்

பெட்டியைக் கடைசி இரவே கட்டிவிடுங்கள், காலையில் நேரமிருக்காது. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழும் கடவுச்சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். வாடகை வெட்சூட், முகமூடி திருப்பிக் கொடுத்ததற்குக் கணக்கு முடித்துக்கொள்ளுங்கள். சங்கு, பவளத்துண்டு, எரிமலைக் கல் ஒன்றுகூடப் பையில் இருக்கக்கூடாது. குழந்தைகளின் சட்டைப்பையையும் பாருங்கள்.

கேமராவை மட்டும் கட்டிவிடாதீர்கள். பால்ட்ராவிலிருந்து கிளம்பும் பல பாதைகளில் கடைசிக் காலையில் சாந்தா குரூஸின் வடகரையிலுள்ள கருப்பு ஆமைக் கழிமுகத்துக்கு விடியலில் அழைத்துப்போவார்கள். எல்லாம் முடிந்தது என்று தூங்கிவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பு போடுவார்கள். பேசாமல் தண்ணீரைப் பாருங்கள். படகுக்கடியில் திருக்கைகள் வரிசையாகப் போகும், குட்டிச் சுறாக்கள் வேரோரம் திரும்பும். அப்புறம் எங்கோ பக்கத்தில் ஓர் ஆமைத் தலை மேலே வந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகும்.